வலைக்குள் விளாசும் பிள்ளை ஆட்டத்தில் தடுமாறுவது ஏன்?

ஏப்ரலில் பேஸ்பால் பருவம் தொடங்கி இரண்டு மூன்று வாரங்கள் கடந்ததும் பெற்றோர்களிடமிருந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வி வரும். பேட்டிங் கேஜ் என்னும் வலைக்கூண்டுக்குள் பந்துக்குப் பந்து பளிச்சென்று அடிக்கும் பிள்ளை, சனிக்கிழமை ஆட்டத்தில் மட்டும் மூன்று ஸ்ட்ரைக் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து திரும்புவது ஏன் என்பதே அந்தக் கேள்வி. நியூஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பையன்களுக்குப் பேஸ்பாலும் பெண்பிள்ளைகளுக்குச் சாஃப்ட்பாலும் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வப் பயிற்சியாளர்களில் நானும் ஒருவன். மைதானத்தின் ஓரத்தில் நின்று இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஜில் பிள்ளை பழகுவது மட்டையை எப்படிச் சுழற்றுவது என்பதை மட்டுமே. ஆட்டத்தில் அதற்கு முன்பாக இன்னும் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன: இந்தப் பந்தை அடிக்கலாமா, அடிப்பதென்றால் எப்போது தொடங்குவது? இந்த இரண்டையும் பயிற்சியில் ஒருமுறைகூடச் சந்திக்காத பிள்ளை, எவ்வளவு அழகாக மட்டையைச் சுழற்றினாலும் ஆட்டத்தில் தடுமாறத்தான் செய்யும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்காகச் சில அடிப்படைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிக்கும் பேட்டர் அருகில் நிற்கும் ஹோம் பிளேட் என்னும் தரைப்பலகையின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, சிறார் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி பேட்டரின் அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடைப்பட்ட வெளிதான் ஸ்ட்ரைக் எல்லை. அதற்குள் வரும் பந்தை அடிக்காமல் விட்டாலும், எங்கே வரும் பந்துக்கும் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். எல்லைக்கு வெளியே வரும் பந்தை அடிக்காமல் விட்டால் நடுவர் 'பால்' என்று அறிவிப்பார். நான்கு 'பால்' சேர்ந்தால் பேட்டர் ஓசியாக முதல் பேஸுக்கு (ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நிலைகளில் முதலாவதுக்கு) நடந்து போகலாம். கிரிக்கெட் மட்டையின் முகம் தட்டையானது, நாலேகால் அங்குலம் வரை அகலமானது. லிட்டில் லீக் மட்டையோ உருண்டையானது. அதன் பருத்த பகுதியின் விட்டம் அதிகபட்சம் 2⅝ அங்குலம்தான். உருண்டையான பந்தை உருண்டையான மட்டையால், அதுவும் நேர்க்கோட்டில், சந்திக்க வேண்டியிருப்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படைச் சிரமம்.

இனி நேரக் கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் பந்து வீசும் பிட்ச்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீக் மைதானத்தில் அந்தத் தூரம் 46 அடி மட்டுமே. பிட்ச்சர் காலை முன்னே நீட்டி வைத்துப் பந்தை விடுவதால் பந்து உண்மையில் கடப்பது சுமார் 41, 42 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் வீசினால் பந்து அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் பிளேட்டை எட்டிவிடுகிறது. எழுபது மைல் வேகத்தில் வீசும் ஒரு வளர்த்தியான பையன் எதிரே வந்துவிட்டால் அந்த நேரம் 0.4 நொடியாகச் சுருங்கிவிடும். மேஜர் லீக்கில் 95 மைல் பந்தைச் சந்திக்கும் ஆட்டக்காரருக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ அதே நேரம்தான். சாஃப்ட்பாலில் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்குத் தூரம் 40 அடி. உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் 43 அடி. ஆகவே ஐம்பது மைல் வேகத்தில் வரும் சாஃப்ட்பாலும் இந்த அரை நொடிக் கணக்குக்குள்தான் அடங்குகிறது.

அந்த அரை நொடியில் மட்டை சுழன்று பந்தை அடைவதற்கே பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி செலவாகிவிடுகிறது. பந்தைக் கண்டு, அது எங்கே வந்து சேரும் என்று கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மிஞ்சுவது கால் நொடிக்குச் சற்றே அதிகம். கேஜில் இயந்திரம் ஒரே வேகத்தில், ஒரே இடத்துக்கு, ஒரே இடைவெளியில் பந்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போது இந்தக் கால் நொடி வேலை முழுவதும் காணாமல் போய்விடுகிறது. நான்காவது ஐந்தாவது பந்துக்குள் உடல் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடும். அதன்பின் கண்ணுக்குப் பெரிதாக வேலையில்லை. மேலும் இயந்திரத்துக்குக் கை கிடையாது. பிட்ச்சரின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் தரும் முன்குறிப்புகளைப் படிப்பதுதான் நேரம் பிடிப்பதன் தொடக்கம் என்றால், அந்தப் பாடப் பகுதியே இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

"பந்தைக் கடைசிவரை பார்த்து அடி" என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். 1984-இல் டெரி பாகில், டாம் லாரிட்ஸ் என்னும் இருவர் பேட்டர்களின் கண் அசைவை அளந்து, அப்படிப் பார்ப்பது மனிதக் கண்ணால் இயலாத காரியம் என்று காட்டினார்கள். அவர்கள் சோதித்த தொழில்முறை ஆட்டக்காரராலேயே பிளேட்டுக்கு ஐந்தரை அடி முன்பு வரைதான் பந்தைக் கண்ணால் தொடர முடிந்தது. அதன்பின் பந்தின் வேகம் கண்ணை முந்திவிடுகிறது. ஆகவே, பிள்ளையைப் பார்வையின் கடைசிப் பகுதிக்காகக் கண்டிப்பதைவிட முதல் பகுதியைக் கற்றுக்கொடுப்பது பயன் தரும். பிட்ச்சரின் தொப்பி, மார்பு என்று பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்து, கை மேலே வரும் தருணத்தில் பந்து வெளிப்படும் இடத்துக்குப் பார்வையை மாற்று என்று நான் சொல்கிறேன். இப்படிப் பார்வையை இரண்டு படியாக நகர்த்தப் பழகிய பிள்ளைகளிடம் பந்து "மெதுவாக வருவதுபோல்" தோன்றத் தொடங்குகிறது என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது, பயிற்சியில் பந்துகளை எந்த வரிசையில் தருவது என்பது. இதுபற்றி 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது. ஹால், டொமிங்கஸ், கவாசோஸ் என்னும் மூவர் அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றின் பேஸ்பால் ஆட்டக்காரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். இரு குழுக்களுக்கு ஆறு வாரங்கள், வாரம் இருமுறை, தலைக்கு 45 பந்துகள் கூடுதல் பயிற்சி. ஒரு குழு பதினைந்து ஃபாஸ்ட்பால் (வேகப்பந்து), பிறகு பதினைந்து கர்வ்பால் (வளைந்து வருவது), பிறகு பதினைந்து சேஞ்ச்-அப் (வேகம் குறைத்து ஏமாற்றுவது) என்று வகை வகையாக அடித்தது. மற்றக் குழுவுக்கு அதே 45 பந்துகள் எது வரும் என்று தெரியாதபடி கலந்து வீசப்பட்டன. மூன்றாவது குழுவுக்குக் கூடுதல் பயிற்சி இல்லை. இறுதியில், ஆட்டத்தில் வருவதுபோல் கலந்து வீசிச் சோதித்தபோது, கலந்து பழகிய குழு சுமார் 57 விழுக்காடும், வகை வகையாகப் பழகிய குழு சுமார் 25 விழுக்காடும், மூன்றாவது குழு சுமார் 6 விழுக்காடும் முன்னேறியிருந்தன. பந்துகளின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. வரிசையை மாற்றியதே இவ்வளவு தூரம் விலக்கிவிட்டது.

ஆனால் கலந்து வீசும் பயிற்சி பார்ப்பதற்கு அழகாக இருப்பதில்லை என்பதைப் பெற்றோர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளை தவறவிடும், அரைகுறையாகத் தட்டும், மெதுவான பந்துக்கு முன்கூட்டியே சுழற்றிவிட்டு நிலைதடுமாறும். கம்பிவேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவுக்கு, பணம் கட்டிச் சேர்த்த பயிற்சியில் பிள்ளை பின்னோக்கிப் போவதாகத் தோன்றும். அந்தத் தடுமாற்றத்தினுள்தான் கற்றல் நடக்கிறது என்பதை நான் மனமார நம்புகிறேன். ஒவ்வொரு தவறும் கண்ணுக்கும் கைக்கும் இடையிலுள்ள கணக்கைச் சிறிது திருத்திவிட்டுத்தான் போகிறது.

எங்கள் பயிற்சியில் எல் வடிவத் தடுப்பு வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, பதினைந்து இருபது அடி தூரத்திலிருந்து, கைக்கடியில் பந்தைப் போடும் முறைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறோம். ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று உடம்பை ஒட்டி, ஒன்று பிளேட்டின் வெளிவிளிம்பில், ஒன்று வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே. மூன்றில் ஒரு பங்கு பந்துகளாவது அடிக்கக் கூடாத பந்துகளாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அடிக்கக் கூடாத பந்து ஒன்றுகூட வராத பயிற்சியில், எல்லாவற்றையும் அடிக்க வேண்டும் என்னும் பழக்கத்தையே நாம் ஊட்டிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைப் பந்து வந்தால் அடி, சிவப்பு வந்தால் விடு என்று நிறத்தை வைத்துச் செய்யும் பயிற்சிகளும் உண்டு. அவற்றை நான் அதிகம் நாடுவதில்லை. ஆட்டத்தில் பந்தின் நிறம் மாறுவதில்லை, அதன் பாதைதான் மாறுகிறது.

டீ எனப்படும் தாங்கு குச்சியின் மேல் பந்தை வைத்து அடிப்பதைச் சின்னப்பிள்ளைப் பயிற்சி என்று பத்து வயதிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். டோனி க்வின், இருபது பருவங்கள் சான் டியேகோ அணிக்காக ஆடி, 3,141 ஹிட் (அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டுவது) எடுத்து, அந்தக் காலம் முழுவதிலும் 434 முறை மட்டுமே ஸ்ட்ரைக் அவுட் ஆனவர், டீயை விடாமல் பயன்படுத்தினார். மூன்றாவது பேஸைக் காக்கும் ஆட்டக்காரருக்கும் அவரை அடுத்து நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவர் தன் இலக்காக வைத்துக்கொண்டிருந்தது பேஸ்பால் உலகம் அறிந்த செய்தி. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. பிள்ளைகள் டீயைத் தொப்புள் உயரத்தில், பிளேட்டின் நடுவில் வைத்து, தங்களுக்குப் பிடித்த ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். டீயை உள்ளே, வெளியே, முழங்கால் உயரத்தில், மார்பு உயரத்தில் என்று நகர்த்தி, வலையில் கட்டிய ஒரு துணியைக் குறிவைத்து அடிக்கச் சொன்னால் அதே டீ வேறு கருவியாகிவிடுகிறது. வெளிவிளிம்பில் வரும் பந்தை உடலுக்குச் சற்று அருகில் வரவிட்டு எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும் என்பதை வாயால் விளக்குவதைவிட டீ நன்றாக விளக்குகிறது.

எந்தப் பந்தை அடிப்பது என்னும் கேள்விக்கு வருகிறேன். 1941-இல் .406 சராசரியோடு (ஆயிரம் வாய்ப்புக்கு 406 ஹிட் என்னும் விகிதத்தில்) அடித்த டெட் வில்லியம்ஸ், ஸ்ட்ரைக் எல்லையை அகலத்தில் ஏழு, உயரத்தில் பதினொன்று என்று 77 பந்துகள் அடங்கும் கட்டமாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் தான் எவ்வளவு அடிக்கக்கூடும் என்று எண் போட்டார். நடுவில் .400, தாழ்ந்த வெளிமூலையில் .230. அவ்வளவு கண்கூர்மை உள்ளவரே, எல்லைக்குள் வரும் எல்லாப் பந்தும் நல்ல பந்தல்ல என்று கருதினார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு 77 கட்டங்கள் தேவையில்லை. 'உனக்குப் பிடித்த இடம்' என்று ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும். ஒருவனுக்கு அது முழங்காலருகே உள்பக்கம். மற்றொருத்திக்கு இடுப்புயரத்தில் நடு. முதல் இரண்டு ஸ்ட்ரைக் விழும்வரை அந்த இடத்துக்காகக் காத்திருக்கலாம். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் மட்டையைச் சிறிது குறுக்கிப் பிடித்து, எல்லைக்கு அருகில் வரும் எதையும் தொட்டுவிட முயல வேண்டும். இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பின் சாதாரண ஃபவுல் பந்து (மட்டையில் பட்டு ஆட்டக் கோட்டுக்கு வெளியே போவது) ஸ்ட்ரைக்காகக் கணக்கிடப்படுவதில்லை என்பதால், தொட்டு வெளியே தள்ளினாலே மற்றொரு வாய்ப்புக் கிடைக்கிறது.

காத்திருக்கச் சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. அதைப்பற்றி எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. பத்து வயது ஆட்டங்களில் பிட்ச்சர்களுக்கு இன்னும் குறி படிந்திருக்காது. ஆகவே மட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலேயே நின்றால் நான்கு 'பால்' கிடைத்துவிடும். இந்தக் கணக்கைக் கண்டுகொண்ட சில பயிற்சியாளர்கள், பலவீனமான பிள்ளைகளிடம் "அடிக்கவே அடிக்காதே" என்று சொல்லி ஆட்டங்களை வெல்கிறார்கள். பன்னிரண்டு வயதாகும்போது பிட்ச்சர்களுக்குக் குறி வந்துவிடும். அப்போது அந்தப் பிள்ளையிடம் அடிக்கும் பழக்கமும் இல்லை, துணிவும் இல்லை. வெற்றிக்காக ஒரு குழந்தையின் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கும் செயலாகவே இதை நான் பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது: ஒவ்வொரு பந்தையும் அடிக்கப்போகிறேன் என்றே தொடங்கு, உடலும் முன்னோக்கி அசையட்டும், பந்து சரியில்லை என்று கண் சொன்னால் மட்டும் நிறுத்திக்கொள். "அடிக்கிறேன், அடிக்கிறேன், வேண்டாம்" என்று மனத்துக்குள் ஓடும் வரிசை அது. 'வேண்டாம்' என்று தொடங்கிக் கடைசியில் 'அடிக்கலாமோ' என்று மனம் மாறும் பிள்ளைக்கு அந்தக் கால் நொடி ஒருபோதும் போதாது. டெஸ்ட் ஆட்டத்தில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடும் தொடக்க ஆட்டக்காரரைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அவர் காலை நகர்த்தி, ஆடத் தயாராகி, பிறகுதான் விடுகிறார்.

இதைப் பழக மட்டையே தேவையில்லை. எங்கள் பிட்ச்சர்கள், பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரோடு வீசிப் பழகும் நேரத்தில், ஹெல்மெட் அணிந்த பேட்டர் ஒருவரைப் பிளேட்டருகில் நிறுத்திவிடுவோம். அவர் சுழற்றக் கூடாது. முன்காலைத் தூக்கி வைத்து நேரம் பிடித்து, பந்து கேட்ச்சரின் கையுறையில் விழுவதற்கு முன்பே "ஆம்" அல்லது "இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கேட்ச்சர் பந்து வந்த இடத்தைச் சொல்லிச் சரிபார்ப்பார். பிட்ச்சருக்கும் எதிரே ஆள் நிற்கும்போது வீசிய பழக்கம் கிடைக்கிறது, பேட்டருக்கும் உண்மையான கையிலிருந்து வரும் பந்துகள் கிடைக்கின்றன. கூடுதல் செலவோ கூடுதல் நேரமோ இல்லாத இந்தப் பயிற்சியை எல்லா அணிகளும் ஏன் செய்வதில்லை என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

பிறகு ஆட்டம் போலவே ஆடிப் பார்ப்பது. ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் என்னும் நிலையிலிருந்து ஒவ்வொருவரின் முறையையும் தொடங்குகிறோம். சில நாள்களில் நேராக இரண்டு ஸ்ட்ரைக்கிலிருந்து. மூன்றாவது பேஸில் ஓர் ஓட்டக்காரர், ஒருவர் அவுட், ஓர் ஓட்டம் எடுத்தால் வெற்றி என்று நிலைமையையும் சொல்லிவிடுவோம். கேஜில் ஐம்பது பந்து அடிக்கும் பிள்ளை ஐம்பதாவது பந்தைத் தவறவிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. இங்கே தவறவிட்டால் ஓரமாகப் போய் நின்று தன் முறைக்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தில் பிள்ளையின் வயிற்றைப் பிசையும் உணர்வில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பிலிருந்தும் எண்ணிக்கை குறைந்த வாய்ப்பிலிருந்தும் வருவதுதான். அதையும் பழக்கித்தான் ஆக வேண்டும்.

சாஃப்ட்பாலைப் பற்றித் தனியே சில சொற்கள். கையைக் காற்றாலைபோல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்பருகே பந்தை விடுகிறார்கள் என்பதால், பார்வை தேட வேண்டிய இடம் பிட்ச்சரின் தொடைக்கும் இடுப்புக்கும் பக்கத்தில் இருக்கிறது. 2004-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் சாஃப்ட்பால் பிட்ச்சரான ஜென்னி ஃபின்ச் என்பவர், மேஜர் லீக்கின் ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாஸா போன்ற ஆட்டக்காரர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவர்களுடைய கைகள் திடீரென்று மந்தமாகிவிடவில்லை. ஆயிரக்கணக்கான முறை மேலிருந்து வரும் பந்தைப் படித்துச் சேர்த்த முன்குறிப்புகள் எதுவும், கீழிருந்து எழும்பி வரும் பந்துக்கு உதவவில்லை என்பதே இதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அண்ணன் பேஸ்பால் ஆடுகிறான் என்பதற்காகத் தங்கையையும் அதே கேஜில், அதே இயந்திரத்தின் முன் நிறுத்தும் பெற்றோர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவளுக்குத் தேவை கீழிருந்து வீசும் ஒரு மனிதக் கை. பந்து வீசப் பழகும் தோழி ஒருத்தி வாரம் ஒருமுறை கிடைத்தால் அது எந்த இயந்திரத்தையும்விட மேல்.

பயம் என்பதை ஒதுக்கிவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பந்து கடினமானது, பிட்ச்சர் சிறுபிள்ளை, குறி நிலையானதல்ல. பந்து உடலில் படத்தான் செய்யும். பெரியவர்கள் வீசியபோது நன்றாக ஆடிய பிள்ளை, சக வயதுப் பிள்ளைகள் வீசத் தொடங்கும் ஆண்டில் முன்காலைப் பிளேட்டிலிருந்து விலக்கி வைக்கத் தொடங்கும். கால் விலகினால் இடுப்பு விலகும், வெளிவிளிம்புப் பந்து மட்டைக்கு எட்டாது. இதைக் கால் வைக்கும் முறையிலுள்ள பிழையாக எண்ணி, பின்னால் ஒரு கட்டையை வைத்துத் திருத்தப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலை நகர்த்துவது அச்சம். அச்சத்தை நீக்காமல் காலை மட்டும் கட்டிப்போட்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். "பயப்படாதே" என்று சொல்வதாலும் பயம் போவதில்லை. அடிபடாமல் திரும்பிக்கொள்ளும் வழியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பந்து உடலை நோக்கி வந்தால் பின்பக்கமாகச் சாயாமல், கேட்ச்சர் இருக்கும் பக்கமாக உடலை உள்நோக்கித் திருப்பி, தாடையை மார்போடு ஒட்டி, மட்டையைத் தாழ்த்தி, முதுகின் சதைப்பகுதியில் பந்தை வாங்குவது. இதை டென்னிஸ் பந்தால் பழக்குகிறோம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே முதுகில் வாங்கிக்கொள்கிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்று உடல் நம்பத் தொடங்கியபின் முன்கால் தானாகவே நேராக இறங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மட்டையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2018 முதல் லிட்டில் லீக் பேஸ்பாலில் ஒரே மரத்துண்டாலான மட்டைகள் நீங்கலாக, யு.எஸ்.ஏ. பேஸ்பால் முத்திரையுள்ள மட்டைகளே இந்த வயதினருக்கு அனுமதிக்கப்படுகின்றன. அவற்றுள் விலை உயர்ந்ததற்கும் நடுத்தரமானதற்கும் இடையே இந்த வயதில் பெரிய வித்தியாசம் தெரியாது. பிள்ளையால் ஒரு கையால் நீட்டிப் பிடித்துச் சில நொடிகள் அசையாமல் வைத்திருக்க முடிகிற மட்டையே ஏற்ற மட்டை. வளர்ந்துவிடுவான் என்று கனமானதை வாங்கிக் கொடுத்தால், அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடி நீண்டுபோய், முடிவெடுக்கும் நேரத்தை விழுங்கிவிடும்.

ஆட்டம் நடக்கும்போது நாம் பேசுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பிளேட்டுக்குள் கால் வைத்ததும் பார்வையாளர் பலகையிலிருந்து முழங்கையை உயர்த்து, எடையைப் பின்னால் வை, தோளை மூடு என்று குரல்கள் வரும். எங்கள் ஊரில் தமிழிலும் வரும், தெலுங்கிலும் வரும், ஸ்பானியத்திலும் வரும். 2004-இல் ராப் கிரே என்னும் ஆய்வாளர் பேட்டர்களை வைத்துச் செய்த சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மட்டை எப்படி அசைகிறது என்பதில் கவனத்தைச் செலுத்தச் செய்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர்கள் வழக்கத்தைவிட மோசமாக அடித்தார்கள். புதியவர்களுக்கோ அதே கவனம் அப்படித் தடையாக இருக்கவில்லை. ஆகவே மட்டை பிடிக்கத் தொடங்கிய ஏழு வயதுப் பிள்ளைக்கு, பயிற்சி நேரத்தில், உடலைப் பற்றிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஓரளவு கைவந்த பிள்ளைக்கு, ஆட்டத்தின் நடுவில், முழங்கையை நினைவூட்டுவது அதன் கவனத்தைப் பந்திலிருந்து பறித்து உடலுக்குள் அனுப்பிவிடுகிறது. எங்கள் அணியில் ஆட்ட நாளன்று பேட்டருக்கு ஒரே ஒரு சொல்தான். அதுவும் அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்த சொல். ஒரு பெண்ணுக்கு அது "நடுவழியாக". பந்தை மைதானத்தின் நடுவாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்னும் பொருளில், உடலின் எந்த உறுப்பையும் குறிப்பிடாத சொல் அது.

அடுத்து அடிக்க வேண்டியவர் காத்திருக்கும் ஆன்-டெக் வட்டத்தில் நிற்கும் நேரத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் வீணடிக்கிறார்கள். அங்கே நிற்கும்போது பிட்ச்சரின் அசைவோடு சேர்ந்து முன்காலைத் தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். முந்தைய பேட்டருக்கு முதல் பந்து என்ன வீசினார், 'பால்' எண்ணிக்கை கூடிப் பின்தங்கிய நிலையில் எதை வீசுகிறார், இன்று நடுவர் வெளிவிளிம்பை எவ்வளவு தூரம் வரை ஸ்ட்ரைக் என்கிறார் என்று கவனிக்க வேண்டும். அதை அணியினர் உட்காரும் டக்அவுட்டுக்குத் திரும்பி வந்து அடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அவுட்டாகி வந்த பிள்ளைக்கும் அணிக்குக் கொடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அதன் முகத்தையே மாற்றிவிடுகிறது.

முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? பேட்டிங் சராசரியை வைத்து அளக்க வேண்டாம் என்பேன். ஒரு பருவத்தில் ஒரு பிள்ளைக்கு நாற்பது வாய்ப்புகள் கிடைத்தால், பத்து ஹிட் என்றால் .250, பன்னிரண்டு என்றால் .300. இரண்டு பந்துகள் புல்லில் சற்றுத் தள்ளி உருண்டால் கிடைக்கும் வேறுபாடு அது. பலமாக அடித்து நேரே ஷார்ட்ஸ்டாப்பின் கையில் விழுந்த பந்து, ஆறு பந்துகளுக்கு மேல் பிட்ச்சரை வீசவைத்த முறை, இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பின் மூலைப்பந்தை விட்டு நடந்து போனது, ஓட்டக்காரரை மூன்றாவது பேஸுக்கு நகர்த்திய அவுட் ஆகியவற்றை நல்ல முறை என்று குறித்துக்கொள்கிறோம். ஆட்டம் முடிந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து, எந்தப் பந்தை அடிக்கத் தீர்மானித்தாய், ஏன், என்று கேட்கிறோம். ஸ்ட்ரைக் அவுட் ஆனவன் "வெளிப்பக்கம் வரும் என்று காத்திருந்தேன், உள்ளே போட்டுவிட்டான்" என்று சொன்னால் அவன் சரியான பாதையில் இருக்கிறான். "தெரியவில்லை கோச்" என்றால், அடுத்த வாரப் பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: துளையிட்ட பிளாஸ்டிக் பந்துகள் ஒரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். இருபது அடி தள்ளி நின்று, மணிக்கு 30 மைல் அளவில், அதாவது ஒரு பெரியவர் சிரமமின்றி எறியும் வேகத்தில், தோளுக்கு மேலிருந்து எறிந்தால் பந்து பிள்ளையை அடைய அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 46 அடியிலிருந்து வரும் 60 மைல் பந்துக்குக் கிடைக்கும் நேரமும் அதுவே. சாஃப்ட்பால் ஆடும் மகளுக்கென்றால் கைக்கடியில் இடுப்பருகிலிருந்து எறியுங்கள். வேகத்தை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், மூன்றில் ஒன்றை எல்லைக்கு வெளியே போடுங்கள். பால், ஸ்ட்ரைக் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பிள்ளை ஐந்து முறை பேட்டுக்கு வந்தால் போதும், பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பனிக்காலத்தில் கார் நிறுத்தும் கொட்டகையிலும் இதைச் செய்யலாம். காரை மட்டும் வெளியே எடுத்துவிட வேண்டும்.